ஒளிவுமறைவில்லாத படிவம்

நான் கட்டிக்கொள்ளப்போகிறவனின் அம்மா, காப்பீட்டு மொத்தத் தரகு நிறுவனம் ஒன்றின் தலைவர். வெடிமருந்துக் கிடங்கு, ஓட்டைக் கப்பல் என்று எல்லாக் கம்பெனிகளும் கைகழுவிய கேஸ்களை முகவர்கள் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். அவர் எங்கேயாவது ஒரு கம்பெனியைப் பிடித்து அதன் தலையில் கட்டிவிடுவார்.

முதல் சந்திப்பே அவர் அலுவலகத்தில். என் பெருமைகளை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அவரோ மகனை என் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்தார்.

"எங்க தொழில்ல எதையும் மறைக்கக் கூடாதும்மா. மறைச்சா பாலிசி செல்லாது. இவன் குறட்டை விடுவான். ஈரத் துண்டைக் கட்டில் மேலயே போடுவான். கோவம் வந்தா மூணு நாள் பேச மாட்டான்."

"அம்மா, போதும்" என்றான் அவன்.

"முன்னாடி ரெண்டு பொண்ணுங்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. அதையும் சொல்லணும்ல."

பேனா மூடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "இப்ப நீ சொல்லு."

மனப்பாடம் செய்த பெருமையெல்லாம் பறந்துபோனது. மூக்கு நுனியில் கோபம், காலையில் வணங்காத உடம்பு, வண்டியை இரண்டு முறை சுவரில் மோதியது, எல்லாவற்றையும் கொட்டினேன். ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்.

"உங்க ரெண்டு பேரையும் சேர்த்து எந்தக் கம்பெனியும் எடுக்காது" என்று படிவத்தை மடித்துத் தன் கைப்பையில் வைத்தார். "முப்பது வருஷமா எல்லாத்தையும் அடுத்தவங்க தலையிலதான் கட்டியிருக்கேன். இதை நானே வெச்சுக்கறேன்."