பவுனின் தீனியும் என் நகங்களும்

பவுனுக்கு நாள்தோறும் வழங்கப்பட்ட உணவின் விவரத்தை, எவர் வினவினாலும், என் கணவர் மோகனசுந்தரம் அவர்கள் தடையின்றி ஒப்பிப்பார். விடியலில் ஊறவைத்து அரைத்த பருத்திக்கொட்டை, பத்து மணிக்குக் கேழ்வரகுக் கஞ்சி, நண்பகலில் கடலைப் பிண்ணாக்கும் முருங்கை இலையும், மாலையில் வெல்லம் கலந்த எள்ளுப் பிண்ணாக்கு, அதன்மேல் ஒரு கரண்டி தாது உப்புப் பொடி. பவுன் என்பது எங்கள் பசு. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் எங்கள் பஞ்சாயத்து நடத்தும் கால்நடைக் கண்காட்சியில் தோல், மயிர், குளம்பு ஆகிய மூன்றின் பொலிவுக்கும் தனித்தனியே மதிப்பெண் உண்டு. அரைத்தவளும் காய்ச்சியவளும் இலை ஒடித்தவளும் நானே என்பதை அவர் ஒப்பிக்கும்போது விட்டுவிடுவது வழக்கம்.

அதே வீட்டின் அடுக்களையில் வேறொரு முறை நிலவியது. முதலில் என் மாமனார் காளிச்சாமி உண்பார். அடுத்து என் கணவர். அடுத்து என் மகன் பிரதீப். கோழிகள் இடும் முட்டைகள் அம்மூவரோடு தீர்ந்துவிடும். பால், காப்பிக்குப் போக முழுவதும் சொசைட்டிக்குச் சென்றுவிடும். கடைசியில் அமரும் எனக்குச் சோறும் ரசத்தின் தெளிவும் மிஞ்சும். இம்முறையை எவரும் சட்டமாக இயற்றவில்லை. இயற்றப்படாத சட்டத்தை எதிர்த்து மனுக் கொடுக்கும் அலுவலகமும் இல்லை.

என் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. நகங்கள் நடுவே குழிந்து, ஒரு சொட்டு நீர் நிற்குமளவுக்கு ஆயின. தண்ணீர்த் தொட்டியின் படியேறினால் கண் இருட்டியது. இவை யாவற்றுக்கும் காரணம் நான் போடும் சோப்பே என்று என் கணவர் ஆராய்ந்து கண்டு, கோயம்புத்தூரிலிருந்து விலையுயர்ந்த கூந்தல் தைலம் ஒன்று வாங்கி வந்தார். தேய்த்தேன். உதிர்ந்த முடியும் பளபளத்தது.

கண்காட்சிப் பதிவுக்குச் சான்று வழங்க, மலையாளப் பெண்ணான கால்நடை மருத்துவர் ஜின்சி வந்தார். பவுனின் முதுகைத் தடவிப் பார்த்து வியந்தார்.

"என்னா மினுமினுப்பு சேட்டா இது."

"தீனிங்க டாக்டர். வாயில போறதுதானுங்க தோல்ல தெரியும்," என்றார் என் கணவர்.

கயிற்றைப் பிடித்திருந்த என் கையில் மருத்துவரின் பார்வை நின்றது.

"சேச்சி, அந்தக் கை ஒண்ணு காட்டுங்க."

பவுனுக்குச் செய்தது போலவே என் கீழிமையையும் இழுத்துப் பார்த்தார். "படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"வாங்குதுங்க."

"நான் மாட்டு டாக்டர். எனக்கே தெரியுது. நாளைக்கே போய் ரத்தம் டெஸ்ட் பண்ணணும்."

"அவளுக்கு என்னங்க குறை? ஊட்டுல எல்லாந்தான் இருக்குது."

"இருக்குது சேட்டா. யாரு தின்னுது?"

என் கணவர் பவுனைப் பார்த்தார்.

தாலுகா மருத்துவமனையில், பன்னிரண்டு இருக்க வேண்டிய என் இரத்த அளவு ஏழு புள்ளி நான்கு என்றனர். மாத்திரையோடு, தினமும் முட்டை, கீரை, கேழ்வரகு, மாத்திரை விழுங்காத வேளையில் ஒரு தம்ளர் பால் ஆகியவை கட்டாயம் என்றும், ஒரு மாதத்தில் ஏறாவிடில் படுக்கையில் கிடத்தி இரத்தம் ஏற்ற வேண்டிவரும், இதயம் இதற்குமேல் தாங்காது என்றும் எச்சரித்தனர். உடன் வந்த என் கணவர் அனைத்தையும் கேட்டார். வீடு திரும்பியதும் ஆழ்ந்து சிந்தித்து, தொழுவத்திலிருந்து தாது உப்புப் பொடி டப்பாவைக் கொண்டுவந்தார்.

"இதையே காலைல ஒரு ஸ்பூன் மோருல கலக்கிக் குடி புள்ள. குளம்புக்கே கேக்குது, நகத்துக்குக் கேக்காதா?"

"டப்பாவுல எருமைப் படம் போட்டிருக்குதுங்க."

"படத்தையா திங்கப் போற?"

"முட்டை ஒண்ணு குடுத்தாப் போதுங்க."

"அப்பனுக்கே பத்தறதில்ல."

மனைவிக்கும் மாட்டுக்கும் வேறுபாடு காணாதவர் என்று அவரைக் கருதுவது பிழை. வேறுபாடு கண்டார்; மாட்டுக்குப் பிண்ணாக்கும் கொடுத்தார்.

மறுநாள் நண்பகல் நான் முதலில் அமர்ந்தேன். தட்டில் களி, முருங்கைக்கீரைப் பொரியல், அவித்த முட்டை இரண்டு. வழக்கம்போல் ஒரு மணிக்கு வந்த மாமனார் வாசற்படியில் நின்றுவிட்டார்.

"ஏனம்மணி, ஒறம்பரை யாராச்சும் வந்திருக்காங்களா?"

"விருந்தாளி ஆருமில்லீங்க மாமா. நாந்தானுங்க சாப்புடறன்."

அவர் சென்று கை கழுவி வந்தார். நான் இன்னும் மென்றுகொண்டிருந்தேன். மீண்டும் சென்று கழுவி வந்தார். அன்று அவர் கை மிகத் தூய்மையாக இருந்தது.

"கண்காட்சிக்கு அஞ்சு வாரந்தான் இருக்குது. பவுனுக்கு முருங்கை?" என்றார் என் கணவர்.

"மரத்துல இருக்குதுங்க. ஒடிச்சுப் போடுங்க."

மாலையில் கறந்த பாலில் ஒரு தம்ளரை எடுத்து வைத்துக்கொண்டேன். மனைவி பால் குடிக்கிறாள் என்று சொசைட்டியில் சொல்ல வெட்கப்பட்ட அம்மனிதர், பவுனுக்குக் கறவை குறைந்துவிட்டது என்று சொல்லிவைத்தார். கறவை குறைந்த மாட்டைக் கண்காட்சியில் சேர்ப்பதா என்று குழுவினர் ஐயுற்று மருத்துவரை அனுப்பினர். ஜின்சி வெப்பமானியோடு வந்து பவுனை வால் முதல் வாய் வரை சோதித்தார்.

"இதுக்கு ஒண்ணும் இல்லையே. பால் எங்க போச்சு சேட்டா?"

என் கணவர் தொழுவத்து ஓட்டில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

"இங்க போச்சுங்க டாக்டர்," என்று தம்ளரைக் காட்டினேன்.

"நல்ல இடத்துக்குத்தான் போச்சு," என்று கூறி, பசு நலம் என எழுதிக் கையொப்பமிட்டார்.

கண்காட்சியில் பவுன் இரண்டாம் பரிசு பெற்றது. அதே வாரம் என் இரத்தம் ஒன்பதைத் தொட்டது. நகம் சீராக ஆறு மாதம் பிடிக்குமாம். முதற்செய்தியை என் கணவர் தெருத்தெருவாகச் சொன்னார். இரண்டாவதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது.

"அப்ப இனி முட்டையை நிறுத்திக்கலாமில்ல?"

நான் அடுத்த முட்டையைச் சட்டியில் உடைத்து ஊற்றினேன்.