ஜன்னலுக்கு வெளியே ரேடியேட்டர்

ஜன்னல் சட்டத்தில் இட்ட இரு துளைகளின் வழியே குழாய்களை வெளியே இழுத்து, ஊட்டி காந்தலிலுள்ள தம் வீட்டின் புறச்சுவரில் ரேடியேட்டரைத் திருகிக்கொண்டிருந்தார் பாலசுப்பிரமணியம். அடுத்த வீட்டு சில்வஸ்டர் வேலியருகே வந்து நின்றார். பச்சைத் தேயிலையின் விலை விழுந்து தொழிற்சாலை மூடப்படும்வரை பாலசுப்பிரமணியம் அங்கே கணக்கர்; சில்வஸ்டர் இலை லாரி ஓட்டியவர். இப்போது சில்வஸ்டர் கேரட் மூட்டை ஏற்றுகிறார். பாலசுப்பிரமணியம் மனைவியின் வருமானத்தில் இருக்கிறார்.

"ஏனுங்க கிளார்க்கு, ஊரே வெடவெடன்னு நடுங்குது. உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் வேர்க்குதாக்கும்?"

"வேல செய்யறதுக்கு வேர்க்கத்தானுங்க செய்யும்" என்றார் பாலசுப்பிரமணியம். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் தம்மையே சுட்டுவது அவருக்கு உறைத்தது.

அவர் மனைவி காயத்ரி கோவையிலுள்ள கட்டுமான நிறுவனம் ஒன்றுக்காக, இன்னும் எழும்பாத வீடுகளைக் கணினியில் எழுப்பி, உள்ளே நடந்து பார்ப்பதுபோல் படமாக்கித் தந்துகொண்டிருந்தாள். அதற்கான இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளும் பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கியிருந்தன. கீழ்க் கார்டு உமிழும் அனலையே மேல் கார்டு உறிஞ்ச, பாதி வேலையில் கணினி தானாக அணைந்துவிடும். இருமுறை படம் தாமதமாயிற்று. இனியும் அவ்வாறு நேர்ந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக நிறுவனத்தார் மிகுந்த மரியாதையுடன் தெரிவித்திருந்தனர்.

தண்ணீரால் குளிர்விக்கும் முறையைப் பற்றிப் படித்தறிந்தவர் பாலசுப்பிரமணியம்தான். கோவைக்குச் சென்று பம்பு, குழாய்கள், கார்டுகளின்மேல் பொருத்தும் செம்புத் தகடுகள் ஆகியவற்றை வாங்கி வந்தார். காய்ச்சி வடித்த நீர் மட்டும் போதும், வேறெதுவும் கலக்க வேண்டியதில்லை என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே கடைப்பிடித்தார். கார்டுகளில் சூடேறிவரும் நீரை ஆற்றும் ரேடியேட்டரை வெளியே மாட்டியது மட்டும் அவருடைய சொந்த யோசனை. இந்த மலையில் விலையின்றிக் கிடைப்பது குளிர் ஒன்றுதான். அதையாவது குடும்பத்துக்குப் பயன்படுத்தலாமே என்று எண்ணினார். முதலில் பழைய கார்டு ஒன்றில் செய்து பார்க்கலாமா என்று காயத்ரி கேட்டாள். அவர் முகம் வாடியதைக் கண்டு அதற்குமேல் பேசவில்லை.

அமைப்பு நன்றாகவே இயங்கியது. இரைச்சல் அடங்கியது. விடியும்வரை ஓடுமென்று நினைத்திருந்த முதல் பாதிப் படம் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. மறுபாதியை மறுநாள் மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

"மீதியையும் இப்பவே ஓட உட்டறலாமுங்களா?"

"காலைல பாத்துக்கலாம் அம்மணி. அணைச்சிரு. நீயும் ஒரு நாளாவது நேரத்தோட படு."

வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் அவர் ஒரு முடிவு சொன்னார். அவள் அணைத்தாள். குழாய்களில் நீரோட்டம் நின்றது.

அன்றிரவு உறைபனி விழுந்தது. வாசலிலிருந்த ரோஜாத் தொட்டிகளைச் சாக்கு போட்டு மூடிவிட்டுத்தான் அவர் படுத்தார். குளிர்வதற்கென்று வைத்த பொருளையும் குளிரிலிருந்து காக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

காலையில் காயத்ரி சுவிட்சைப் போட்டதும் பட்டென்று ஓர் ஓசை. பின்பு கருகல் வாடை. அவர் வெளியே ஓடிப் பார்த்தார். ரேடியேட்டரின் பக்கவாட்டுத் தகடு புடைத்திருந்தது. அதனுள் இறுகிய பனிக்கட்டி குழாய்களிலிருந்த நீரை நெருக்கித் தள்ளியிருக்கிறது. மேல் கார்டில் குழாயின் பிடி நெகிழ்ந்து, இரவெல்லாம் இரண்டு கார்டுகளின் மீதும் நீர் சொட்டியிருந்தது.

கோவையிலிருந்து அழைப்பு வந்தது. சாயந்தரம் அனுப்பிவிடுவதாக அவள் சொன்னாள். குரல் பிசகவில்லை. பிறகு கார்டுகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், வாசலில் துவைக்கும் கல்லின்மேல் துண்டு விரித்து, வெயிலில் வைத்தாள். அவர் அருகே சென்று நின்றார்.

"காஞ்சா ஒண்ணாவது பொழைக்குமுங்களா?"

"தெரியலை அம்மணி. நாந்தான்..."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நெழலு விழுகுது."

அவர் ஓரடி பின்வாங்கினார். காலை வெயில் சாய்வாக அடித்ததால் நிழல் நீண்டு கிடந்தது. இன்னும் ஓரடி வைத்தார். தலையின் நிழல் மட்டும் துண்டின் ஓரத்தில் எஞ்சியிருந்தது. அதைப் பார்த்தபடியே, வெண்பனி படர்ந்த புல் காலடியில் நொறுங்க, வேலிவரை பின்னோக்கி நடந்தார்.