மைனஸ் பதினொன்று

கோட்டைப்பட்டினத்தில் இறால் பதப்படுத்தும் கம்பெனியொன்றில் உரித்த இறாலை அடுக்கும் வேலை அடைக்கலமேரிக்கு. வயது முப்பத்தாறு. பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை தவறியவள். இந்த முறை ஏழாம் வகுப்புப் புத்தகத்திலிருந்தே ஆரம்பித்திருந்தாள். முழுக்கள் பாடத்திலேயே ஒரு மாதம் நின்றுவிட்டாள். மைனஸிலிருந்து மைனஸைக் கழித்தால் எப்படிக் கூடும்? கோடு போட்டுப் போட்டுப் பார்த்து, போன வாரம்தான் பிடிபட்டது.

அன்று மூன்று மணிக்கு இறால் தட்டுகளைக் குளிர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கதவு மேலிருந்த மீட்டரில் -11. மதியம் -18 இருந்தது.

புதிதாக வந்த சூப்பர்வைசர் அரவிந்த்குமாரிடம் ஓடினாள்.

"சார், ரூம் சூடாகுது!"

"பதினெட்டைத் தாண்டினாத்தான் போன் பண்ணச் சொன்னாங்க. இது பதினொண்ணுதானேக்கா?"

"முன்னாடி மைனஸ் இருக்கு சார்."

"நீங்க போய் எறாலைப் பாருங்க."

அவள் போகவில்லை. பெட்டிக்கு எண் போடும் சாக்பீஸை எடுத்துத் தரையில் நீளமாகக் கோடு கிழித்தாள், நடுவில் சைபர்.

"சைபருக்கு இடது பக்கம் போகப் போக எண்ணு கொறையும் சார். மைனஸ் பதினெட்டு அந்தா, எடதுபக்கக் கடைசியில கெடக்கு. மைனஸ் பதினொண்ணு சைபருக்குக் கிட்ட வந்துருச்சு. இப்படியே போனா ஐஸ் உருகிரும்."

கோட்டைப் பார்த்தவன் முகம் வெளுத்தது. மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"எத்தன டிகிரி ஏறிருக்கு?"

"பதினெட்டும் பதினொண்ணும்... இருபத்தொம்பது."

"இருபத்தொம்பதா? அப்ப சரக்கு போச்சு!"

"ஏழு!" என்று போனை நோக்கிக் கத்தினாள் மேரி. "மைனஸ் பதினொண்ணுலேருந்து மைனஸ் பதினெட்டைக் கழிங்க. ஏழுதான் ஏறிருக்கு."

"ஏழுன்னா தப்பிச்சோம்மா. கதவைத் தொறக்காதீங்க. வந்துட்டேன்."

கம்ப்ரசரில் வாயு கசிந்திருந்தது. அடைத்துவிட்டு மெக்கானிக் மெஷினைப் போட்டபோது நாலரை. ஷிப்ட் முடிந்தும் பெண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மைனஸ் பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு என்று மீட்டரை வாய்விட்டுப் படித்தார்கள். பதினெட்டு வந்ததும் எழுந்த கூச்சலில் மேனேஜரே வெளியே வந்துவிட்டார்.

"யாரும்மா கண்டுபிடிச்சது?"

"மேரியக்காதான் சார். எனக்குப் புரியலை," என்றான் அரவிந்த்குமார், தலை குனியாமல்.

"நாளையிலேருந்து குளிர் ரூம் மீட்டரை நீங்களே பாத்துக்கிறீங்களா?"

"பாத்துக்கிறேன் சார். ஆனா திங்கக்கெழம லீவு வேணும்."

"எதுக்கு?"

"கணக்குப் பரீட்சை."

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அடைக்கலமேரி இறால் வாசம் வீசும் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.