சுங்கானும் சவரக் கிண்ணமும்

செஞ்சியில் எனக்குச் சுங்கான் தொரை என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரை போய் வந்த மதலைமுத்துவுக்கு ஊர் கொடுத்த மரியாதை இதுதான். போகட்டும், சனியன்கள். பென்ஷனைத் தவிர பட்டாளம் எனக்குக் கொடுத்தது இரண்டே பழக்கம். காலையில் நுரை போட்டுச் சவரம், அது முடிந்ததும் பைப், ஊர்ப் பாஷையில் சுங்கான்.

இரண்டையும் அவசரப்படுத்த முடியாது. வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். நுரை கெட்டியாகிறவரை கிண்ணத்தில் பிரஷ்ஷைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பைப்பும் அப்படித்தான். புகையிலையை உதிர்த்து, அடியில் லேசாக, மேலே கொஞ்சம் இறுக்கமாக அடைத்து, பற்றவைத்து, அமுக்கி, மறுபடி பற்றவைக்க வேண்டும். பீடியை நாலு இழுப்பு இழுத்துத் தூக்கி எறிகிறவனுக்கு இதெல்லாம் எங்கே விளங்கும்? என் பெண்டாட்டி அருளம்மாள் இருந்தவரை, "கண்ணாடி முன்னால நின்னா ஒனக்கு ஒலகமே மறந்துபூடும்" என்று திட்டுவாள். அவள் போன பிறகு அந்தக் காலை வேளையில் மட்டும்தான் வீட்டில் உயிர் இருந்தது.

இது விளங்கின ஒரே ஆள் அன்வர் பாஷா. கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தான். எப்போதும் சட்டையில் நிலக்கடலைத் தோல் ஒட்டியிருக்கும். துக்கம் விசாரிக்க வந்தவன், நான் நுரை போடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். மறுநாள் தன் ரேசரோடு வந்தான். என் பிரஷ் பன்றி மயிர் என்பதால், பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறி அவனுக்கென்று குதிரை மயிரில் ஒன்று வாங்கிவந்தேன். கூடவே ஒரு பைப். கிணற்றடியில் இரண்டு முக்காலி, இரண்டு கண்ணாடி. ராஜகிரி மலை உச்சியிலிருந்து வெயில் கீழே இறங்குகிறவரை வேலை நடக்கும். பேச்சே கிடையாது. வாயைத் திறந்தால் நுரை உள்ளே போகும். அது முடிந்தால் வாயில் பைப். பேசாமல் பக்கத்தில் ஒருத்தன் உட்கார்ந்திருக்க அது ஒரு சாக்கு. எனக்கு அது போதும்.

அப்படி இருந்தவன் ஹஜ்ஜுக்குக் கிளம்பினான். போய் வந்தவர்கள் தாடி வைப்பார்கள், புகைப்பதை விட்டுவிடுவார்கள். ஊர் வழக்கம் எனக்குத் தெரியாதா? பஸ் ஸ்டாண்டில் மாலையும் கூட்டமுமாக வழியனுப்பினார்கள். நானும் நின்று கையாட்டினேன். இனிமேல் என் காலைகள் அவ்வளவுதான். அதை யாரிடம் சொல்ல?

அவன் இல்லாத மாதங்களில் தனியாகத்தான் சவரம். பக்கத்துக் கண்ணாடியில் வெறும் சுவர் தெரிந்தது. பார்க்கச் சகிக்காமல் அதைத் திருப்பி வைத்தேன்.

திரும்பி வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும் பைத்தியம் பிடித்தவன் போல வீட்டைக் கழுவினேன். ஹாஜியார் வருகிற இடத்தில் புகையிலை நாறலாமா? பைப், ரேசர், கிண்ணம் எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். கிணற்றடியில் பினாயில் ஊற்றினேன். அவன் வந்து போய்க்கொண்டிருந்தால் சரி. பைப் என்ன பெரிய பைப்!

வந்தான். நல்ல வெள்ளைத் தாடி. பேரீச்சம்பழம் கொடுத்தான். பினாயில் ஈரம் காயாத தரையைப் பார்த்தான், உட்கார்ந்தான். இரண்டு பேர் கைக்கும் வேலை இல்லை.

"மழையே இல்ல" என்றான்.

"ஆமா. மண்டி எப்டி?"

"ஓடுது."

அதற்கு மேல் என்ன பேசுவது? நாங்கள் பேசிப் பழகினவர்களா? எழுந்து போய்விட்டான். மறுநாளும் அதே மழை, அதே மண்டி. அதற்கப்புறம் வரவே இல்லை.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு கோபம் தலைக்கேறிற்று. இவனுக்காக நான் ஆசையை அடக்கிக் கிடக்கிறேன், துரை வரமாட்டாராம்! பெட்டியைத் திறந்தேன், பைப்பை நிரப்பிப் பற்றவைத்தேன், புகைவிட்டுக்கொண்டே நேராக மண்டிக்குப் போனேன்.

"ஹாஜியாருக்கு எங்க வூட்டுக்கு வழி மறந்துபோச்சா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை நன்றாக இழுத்தான்.

"யோவ், இத்த எங்கய்யா ஒளிச்சி வெச்சிருந்த?"

"ஒன் மேல பொகை படக் கூடாதுன்னுதான்."

"நான் வந்தா எல்லாத்தியும் மூட்ட கட்டிட்டு பினாயில் ஊத்தற. இனிமே வராதன்னு சொல்றன்னு நெனச்சிட்டேன். நான் பொகையதான்யா உட்டேன். மூக்க அங்க உட்டுட்டு வரல."

மண்டியை ஆளிடம் ஒப்படைத்துவிட்டு அவன் என்னோடு நடந்தான். கிணற்றடியில் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"தாடிக்குக் கீழ கழுத்தெல்லாம் மயிரு மண்டிக் கெடக்குது. அத்த எடுத்து உடு."

நுரை அடித்துக்கொண்டே, ஆயுசில் யாரிடமும் கேட்காததைக் கேட்டேன். "நாளைக்கு வருவியா?"

"இன்ஷா அல்லா."

"அதான் தெரியுமே. நீ வருவியா, மாட்டியா?"

அவன் மோவாயைத் தூக்கிக் கழுத்தை நீட்டினான். நுரையைப் பூசி, ரேசரை வைத்தேன்.

"ஆடாதடா" என்று அதட்டினேன். அவன் ஆடவே இல்லை. கழுத்தை வழித்து முடித்து, திருப்பி வைத்திருந்த அவன் கண்ணாடியை நேராக வைத்தேன்.