கெருக்கின் பாதி

கோயில் திருநாள்கள் பற்றிய தொடரில் தங்கள் ஊர் வரும் மூன்றாவது பகுதி சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வரும் என்று தொலைக்காட்சிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். மூன்றரைக்கெல்லாம் ஊர் மண்டபம் நிறைந்துவிட்டது. ரெந்தெத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கொடுத்த காப்பியை அவர் தொடவில்லை.

அதற்காகப் போன வருடம் இந்த ஊர்க் கோயில் திருநாளில் படம் பிடித்தார்கள். அப்போது அவரோடு வாசித்த கெருக் உயிரோடு இருந்தார். நான்கு மாதம் முன்பு தென்னையிலிருந்து விழுந்து போய்விட்டார். எரித்துச் சாம்பலைக் கடலில் விட்டதுவரை எல்லாவற்றிலும் ரெந்தெத் நின்றார். அழுகை வரவில்லை. வராததும் அவரை உறுத்தவில்லை.

உறுத்தியது வேறு. இருபத்திரண்டு வருடமாக இருவரும் காமெலான் என்ற வெண்கல வாத்தியக் குழுவில் அடுத்தடுத்து உட்கார்ந்து வெண்கலக் கட்டைகளைத் தட்டியவர்கள். ஒரே வரிசையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தட்டுவார். ஆளைப் பார்க்காமல் கேட்டால் ஒருவர் பேய் வேகத்தில் தட்டுவது போலிருக்கும். பாட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கெருக் சொந்தமாக நடுநடுவே சில தட்டுகளைச் செருகுவார். அவை எவை என்று இப்போது ரெந்தெத்துக்கு ஞாபகம் வரவில்லை. அவர் கையில் மிச்சமிருந்தது ஓட்டை விழுந்த பாதி.

"திருநாளுக்கு ஒன்பது நாள்தான் இருக்கு. கெருக்குக்குப் பதிலா சின்னப் பய பாகேயோட உக்காருறியா, இல்ல பெரிய கொங்கு மணி அடிக்கப் போறியா?" என்று குழுத் தலைவர் கேட்டபோது, "டிவியில ஒருதரம் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றிருந்தார்.

நிகழ்ச்சி தொடங்கியது. கோயில் வாசல் வந்தது, குடைகள் வந்தன. காமெலான் ஒலித்த முதல் தட்டிலேயே மண்டபத்தில் சலசலப்பு.

"நம்ம வெண்கலத்துக்கு என்ன சளி புடிச்சிருக்கா?" என்றான் பாகே. முப்பது வயது மின்வேலைக்காரன், வாய் சும்மா இருக்காது.

"டேய், இது நம்மளுதே இல்லடா. வேற எந்த ஊர்க் காமெலானையோ சேத்துட்டானுங்க!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஊருக்கு ஊர் சுருதி மாறும். தன் ஊர் வெண்கலம் எது என்று இங்கே தூங்குகிறவனுக்கும் தெரியும். படம் பிடித்த அன்று மோட்டார் சைக்கிள் சத்தம் நிறைய விழுந்துவிட்டதென்று தொலைக்காட்சிக்காரர்கள் புலம்பியது தலைவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

அதற்குள் திரையில் கெருக் வந்தார். பதினொரு விநாடி. வலது கைச் சுத்தியல் பறந்தது, இடது கை கட்டையைப் பிடித்துப் பிடித்து ஒலியை நிறுத்தியது. சத்தம் மட்டும் வேறு யாருடையதோ.

கெருக்கின் மனைவி சுவார்த்தி காப்பித் தட்டோடு நின்றபடி பார்த்தாள். "தலைத்துணியக் கோணலாக் கட்டிக்கிட்டு டிவியில வந்திருக்காரு பாரு. நேராக் கட்டுன்னு அன்னிக்கே சொன்னேன்."

ரெந்தெத்துக்கு ஏமாற்றமாகக்கூட இல்லை. காப்பி ஆறிப்போயிருந்தது, குடித்தார்.

கூட்டம் கலைந்ததும் பாகேயிடம் போனார். "டிவியில ஓடுனத நீ போன்ல பிடிச்சியே, அதக் காட்டு."

"எதுக்குண்ணே? அந்த சளியத் திரும்பக் கேக்கவா?"

"சத்தத்த நிறுத்திட்டுக் காட்டு."

திரையில் இப்போது கைகள் மட்டும். ஓரத்தில் ரெந்தெத்தின் தோளும் தெரிந்தது. தோள் அசைகிற இடம் அவர் தட்டிய இடம். சுத்தியல் விழுகிற இடம் கெருக்குடையது. எந்தக் கட்டை, எத்தனை தட்டு, இடது கை எப்போது பிடிக்கிறது என்று வரிசையாகப் பார்த்தார். நாற்பது தரமாவது பார்த்திருப்பார். பாகே தூணில் சாய்ந்து கொட்டாவி விட்டான்.

திங்கட்கிழமை பயிற்சிக்கு வந்த ரெந்தெத் நேராகக் கெருக்கின் இடத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, அது கெருக் அண்ணன் இடம்" என்றான் பாகே.

"தெரியும். நீ என் இடத்துல உக்காரு. என் பாதியில விசேஷம் ஒண்ணுமில்ல, உனக்கே வரும்."

தட்டினார்கள். பாகே விட்ட இடங்களில் கெருக்கின் தட்டுகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ரெந்தெத்துக்குள் ஒன்றும் அசையவில்லை. கை மட்டும் சரியாகப் போனது.

தலைவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "ஒரு மயிரிழை முந்துறியே, ரெந்தெத்."

"கெருக் முந்துவான்."

தலைவர் உயர்த்திய கையை இறக்கினார். பிறகு, "சரி, முதல்ல இருந்து போங்க" என்றார்.