இறுகாத இரண்டடி

2003ஆம் ஆண்டு சித்திரையில் விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டு ஜவுளிக்கடைக்கு மொட்டைமாடித் தளம் போட்டபோது கலியமூர்த்தி மேஸ்திரி நின்றிருந்த இரண்டடி இடம் மட்டும் இன்றுவரை இறுகவில்லை. அதே கம்பி, அதே சிமெண்டுதான். மற்ற இடமெல்லாம் கல்லாகிவிட்டது. அங்கே விரலை வைத்தால் விரல் உள்ளே போகும். அதனால் தளத்தைத் தாங்க அடியில் முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்பம் ஒன்று மட்டும் எடுக்க முடியாமல், பட்டுச்சேலை விற்கிற இடத்துக்கு நடுவில் நிற்கிறது. கடைக்காரர் அதில் ஒரு கண்ணாடி மாட்டிவிட்டார்.

தளம் போட ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பழைய கலவையும் புதுக் கலவையும் ஒட்டாது, அந்தக் கோட்டில் மழை இறங்கும். தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓட, கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவும் வேண்டும், அதுதான் வாட்டம். அந்த வாட்டத்தை யாரிடமும் நம்பி விட்டவரில்லை கலியமூர்த்தி. மட்டம் பார்க்கிற ரசமட்டத்தையே நம்பாத ஆள்.

மூன்றரை மணிக்கு, முக்கால் தளம் முடிந்திருந்தபோது, அவர் கொழுந்தியாள் பெரியநாயகி ரோட்டில் நின்று கத்தினாள். அவர் மனைவி அம்சவல்லி நாலு நாளாக ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தாள்.

"மாமா! அக்கா உங்கள கேக்குது. கண்ணு சொருவுது. எறங்கி வாங்க!"

"ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டு வரேன்னு சொல்லு."

பக்கத்தில் நின்ற கொத்தனார் தேவநாதன், "நீ போண்ணே, வாட்டத்த நான் பாத்துக்கறேன்" என்றார்.

"நீயா? உன் மாமியா வூட்டு மாடியே ஒழுவுது."

சித்தாள்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த சட்டிக் கலவை விழுந்தது.

அவர் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. "நாலு மணிக்கே போயிடுச்சு மாமா," என்றாள் பெரியநாயகி. "வாசப்படியையே பாத்துக்கிட்டு கெடந்துச்சு."

மூன்றாவது வாரம் பலகை பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கடலூரிலிருந்து வந்த இன்ஜினியர் சுரண்டிப் பார்த்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினார். தேவநாதன் அந்த இடத்தைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுக் கலவை போட்டார். விடிந்தால் அதுவும் ஈரம், அதில் கலியமூர்த்தியின் இரண்டு பாதமும் பதிந்திருந்தன. சரி என்று அதைச் சுற்றி வரப்புக் கட்டிவிட்டு, மற்ற இடத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் அடித்து, செராமிக் சூளையில் உடைந்த வெள்ளைச் சில்லுகளை மேலே பதித்தார்கள். 2005 மழையில் ஊரே ஒழுகியது. அந்தக் கட்டடத்தில் ஒரு சொட்டு இறங்கவில்லை. வாட்டம் அவ்வளவு சரி.

மனைவியின் முதல் தெவசத்தன்று கலியமூர்த்தி மாடியேறி அந்தப் பாதங்களில் காலை வைத்து நின்றார். "மாமா! அக்கா உங்கள கேக்குது" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால் ரோட்டில் யாருமில்லை. பெரியநாயகி அன்று திட்டக்குடியில் இருந்தாள். "தோ வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினார்.

அன்று முதல் தினமும் மூன்றரைக்கு மாடியேறுகிறார், சத்தம் கேட்கிறது, இறங்கி ஓடுகிறார். ஆஸ்பத்திரிக்குத்தான், பெண்கள் வார்டில் அம்சவல்லி கிடந்த மூன்றாவது கட்டிலுக்கு. நாலு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறார். அங்கே வேறு யாராவது படுத்திருப்பார்கள். பார்த்துவிட்டுத் திரும்புவார்.

"சிமிட்டிக் காலோட வராதய்யா, உங்கப்பனா கழுவுவான்?" என்று வார்டு ஆயா அன்னாள் ஒரு வருஷம் விரட்டினாள். அப்புறம் வாசலில் ஒரு வாளி தண்ணீர் வைத்தாள்.

2009இல் அந்தக் கட்டிலில் ஸ்ரீமுஷ்ணத்து அம்மாள் ஒருத்தி கிடந்தாள், பார்க்க வர நாதியில்லை. மூச்சு வாங்க வந்து நின்றவரிடம், "வந்துட்டீங்களா? உக்காருங்க" என்றாள். கலியமூர்த்தி உட்கார்ந்தார். அவள் மறுநாள் இல்லை.

இப்போது அந்தக் கட்டிலுக்கு யார் வந்தாலும் அன்னாள் மாத்திரை நேரத்தோடு சேர்த்து இதையும் சொல்லிவிடுகிறாள்: "சாயங்காலம் ஒருத்தரு வருவாரு. பயப்படாதீங்க. வந்துட்டீங்களான்னு மட்டும் கேட்டுடுங்க." கேட்கிறார்கள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, நாலு மணி தாண்டும்வரை அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.