ஃபேன் கூடத்தில் பகல் தூக்கம்

டாக்குரியா ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்த ஃபேன் தொழிற்சாலையில் நீளமான கூடம் ஒன்று இருந்தது. கூரையின் இரும்புச் சட்டங்களிலிருந்து ஃபேன்கள் வரிசை வரிசையாகத் தொங்கும். காலையில் சுற்ற ஆரம்பித்தால் சாயங்காலம்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். யாருக்கும் காற்று வேண்டும் என்பதற்காக அல்ல. புதிதாகச் செய்த ஃபேன் கடைக்குப் போவதற்கு முன் ஒரு பகல் முழுக்க ஓட வேண்டும் என்பது அங்கே பழைய வழக்கம். உள்ளே நுழைந்தால் ஆற்றுக்கு நடுவில் நிற்பது போலிருக்கும். சட்டை உடம்பைவிட்டு எழும்பும். பேசிய வார்த்தை வாயைவிட்டுக் கிளம்பி வேறெங்கோ போய்ச் சேரும்.

டிபன் சங்கு ஊதியதும் தகடு வெட்டும் பிரஸ்கள் நிற்கும். ஆட்கள் சாப்பிட்டுவிட்டு அந்தக் கூடத்துக்கு வந்து பழைய பேப்பரை விரித்து ஆளுக்கொரு ஃபேனின் கீழ் படுத்துக்கொள்வார்கள். வெளியே மே மாதத்து வெயிலில் தண்டவாளம் நெளியும். உள்ளே வங்காளம் முழுவதும் தூங்குவது போல ஓர் அமைதி. எப்போதாவது ஒருவர் பாதித் தூக்கத்தில் எழுந்து தலைக்கு மேலே ஓடும் ஃபேனின் சுவிட்சை அணைத்துவிட்டு, பேப்பரை இழுத்துக்கொண்டு அடுத்த ஃபேனுக்கடியில் போய் விழுவார்.

இந்தக் கூடத்தைத்தான் சுந்தரராஜன் காலி செய்தான். சென்னையிலிருந்து குளிர்காலத்தில் வந்து சேர்ந்த டெஸ்டிங் எஞ்சினியர் அவன். பீரோ அளவுக்கு ஒரு சோதனைப் பெட்டியை அவனே வடிவமைத்துக் கட்டினான். ஃபேனை அதற்குள் மாட்டிக் கதவை மூடினால் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது, என்ன வேகத்தில் சுற்றுகிறது, எங்காவது கசிகிறதா என்று மூன்று முட்கள் சொல்லிவிடும். ஒரு பகல் எடுத்த வேலை ஒரு சிகரெட் பிடிக்கும் நேரத்தில் முடிந்தது.

கூடம் காலியானதும் அங்கே ஃபேன் பூட்டும் இரண்டாவது வரிசை ஒன்றைப் போட்டார்கள். புது ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலும் பழைய ஆட்களின் மருமகன்கள், தம்பிகள். வேலையில்லாமல் லேக் பக்கம் உட்கார்ந்து மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்த பையன்களுக்கு வேலை கிடைத்தது. லாரிகள் அதிகமாக வந்தன. வொர்க்ஸ் மேனேஜர் குருமூர்த்தி ஒருநாள் சுந்தரராஜனின் தோளில் தட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

அதன் பிறகு ஃபேன்கள் திரும்பி வரத் தொடங்கின.

கிடர்பூர் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு மருத்துவமனையிலிருந்துதான் முதல் புகார். ஃபேன் சுற்றுகிறது, காற்று வருகிறது, ஆனால் நோயாளிகள் தூங்க மாட்டேன் என்கிறார்கள்.

"என்ன ஓய், உம்ம பெட்டிக்குக் காது கிடையாதா?" என்றார் குருமூர்த்தி.

"எல்லா ரீடிங்கும் சரியா இருக்கு சார்."

"படுத்திண்டிருக்கறவன் ரீடிங்கையா கேக்கறான்? மண்டைக்கு மேல வண்டு சுத்தறதுங்கறான்."

அந்த வண்டு எங்கே இருக்கிறது என்று சுந்தரராஜனுக்குத் தெரியும். ஃபேனின் வயிற்றுக்குள் மெல்லிய இரும்புத் தகடுகளைச் சீட்டுக்கட்டு போல அடுக்கி, அவற்றின் பள்ளங்களில் செப்புக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். கம்பியில் ஓடும் மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் போய்வரும். ஒவ்வொரு போக்கிலும் ஒவ்வொரு வரவிலும் தகடுகளை ஒருமுறை இழுத்துவிடும். தகடுகள் இறுக்கமாக ஒட்டியிருந்தால் ஒன்றும் ஆகாது. அடுக்குக்குள் வார்னிஷ் சரியாக இறங்காமல் இருந்தால் அவை நடுங்கும். அந்த நடுக்கம்தான் கும்மென்ற ரீங்காரம்.

அதைப் பெட்டி ஏன் பிடிக்கவில்லை என்பதையும் அவன் இரண்டு நாள் உட்கார்ந்து கண்டுபிடித்தான். ஃபேன் நன்றாகச் சூடான பிறகுதான் அரைகுறை வார்னிஷ் இளகும். தகடு நடுங்கத் தொடங்கும். பெட்டிக்குள் இருக்கும் சில நிமிடத்தில் ஃபேன் சூடாவதே இல்லை. அப்படியே நடுங்கினாலும் பிரஸ்களின் இடிச்சத்தத்தில் யார் காதிலும் விழாது.

டிபன் நேரத்தில் மட்டும்தான் கேட்கும். அதனால் கூடத்தின் ஒரு மூலையில் மருத்துவமனைக்குப் போகவேண்டிய ஃபேன்கள் கொஞ்சத்தைக் காலையிலேயே ஓடவிட்டான். ஃபேன்களின் காற்றிரைச்சலில் தன் காதுக்கு எதுவும் பிரியாததால், டிபன் சங்கு ஊதியதும் கம்பி சுற்றும் வைண்டிங் மிஸ்திரி பொரிதோஷையும் அவருடைய கூட்டாளிகளையும் அழைத்து, தன் புது வங்காளியில் ஒவ்வொரு ஃபேனையும் காட்டிக் கேட்டான்.

"கும் ஆச்சே? கும் நேய்?"

கும்மென்ற சத்தம் இருக்கிறதா, இல்லையா என்று அவன் கேட்டான். சத்தத்துக்கு எந்த ஊரிலும் ஒரே பெயர்தான் என்பது அவன் நினைப்பு. பொரிதோஷுக்கும் கேள்வியில் விநோதம் எதுவும் தெரியவில்லை. ஃபேனைப் பற்றிக் கேட்க வேறென்ன இருக்கிறது? அவர்கள் பேப்பரை விரித்துப் படுத்தார்கள். கண்ணை மூடினார்கள். வெகுநேரம் கழித்து எழுந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்கள்.

"எட்டாய் கும் ஆச்சே, ஷுந்தர் பாபு. எட்டாய் கும் நேய்." இதில் இருக்கிறது, இதில் இல்லை.

'கும் நேய்' என்றவற்றையெல்லாம் சுந்தரராஜன் நல்லவை என்று குறித்து மருத்துவமனைக்கு அனுப்பினான். 'கும் ஆச்சே' என்றவை இன்னொரு தடவை வார்னிஷில் முங்கப் போயின. எது எங்கே போகிறது என்று பார்ப்பது பொரிதோஷின் வேலை இல்லை.

சில நாளில் மருத்துவமனையிலிருந்து டெலிபோன் வந்தது. பேசி முடித்துவிட்டுக் குருமூர்த்தி சுந்தரராஜனைக் கூப்பிட்டார். அவர் கோபமாக இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"முன்னெல்லாம் அங்கொண்ணு இங்கொண்ணு சத்தம் போடும். இந்த தடவை எல்லாமே போடறதாம். ஒண்ணு பாக்கியில்லை."

"எப்படி சார்?"

"நீர்தானே எஞ்சினியர். கண்ணை மூடிண்டு பொறுக்கியிருந்தாக்கூட நாலு நல்லது போயிருக்கும்." ஜன்னல் வழியாகக் கூடத்தைப் பார்த்தார். "ஆஸ்பத்திரியோட பெரிய லாட் இந்த மாசக் கடைசியில போகணும். அதுவும் திரும்பி வந்ததுன்னா ரெண்டாவது லைனை மூடச்சொல்லி போர்டுலேர்ந்து உத்தரவு. புதுப்பசங்க எல்லாரையும் ஆத்துக்கு அனுப்பிடணும்."

அந்த வாரம் முழுக்க சுந்தரராஜன் அந்தப் பையன்களின் முகத்தைப் பார்க்காமல் கூடத்தைக் கடந்து போனான். அவர்கள் வந்ததே அவன் பெட்டியால். போவதும் அதனாலேயே என்றால் அந்தப் பெட்டியை என்ன பெயர் சொல்லி அழைப்பது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் அவன் மனைவி வசுமதி யாரோ ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். கீழ் வீட்டு வங்காளி மாசீமா விட்டுவிட்டுப் போன பேரன். விடாமல் அழுதுகொண்டிருந்தான்.

"என்னாச்சு இவனுக்கு?"

"கும் நேய். காலம்பரலேர்ந்து இதே கூத்துதான்."

"என்ன நேய்?"

"கும். தூக்கம். இந்த ஊருக்கு வந்து இத்தனை மாசமாச்சு, இதுகூடத் தெரியாதா? டிராம்ல கண்டக்டர்கிட்ட என்னதான் பேசறேள்?"

"கும்னா சத்தம் இல்லையோ?"

"அது நம்மூர் கும்னா."

சுந்தரராஜன் ஊஞ்சலில் ஆடுகிறவன் நடுவில் காலை ஊன்றியது போல நின்றான். அத்தனை ஃபேனும் தப்பாகப் போனதென்றால் பொறுக்கியதில் ஒரு பிழைகூட இல்லை என்று அர்த்தம். தூக்கம் வரவில்லை என்று அவர்கள் சொன்னவற்றைத்தான் நல்லவை என்று அனுப்பியிருக்கிறான். தலைகீழாகப் பிடித்த வரைபடம் அது. அந்த மனிதர்களின் தூக்கம் எந்த முள்ளையும்விடத் துல்லியமாக அளந்திருக்கிறது.

அதோடு இன்னொன்றும் மெல்லத் தெளிந்தது. பழைய நாட்களில் ஏன் புகாரே வரவில்லை? ரீங்காரமிடும் ஃபேனுக்கடியில் படுத்தவன் தூக்கம் வராமல் அதை அணைத்துவிட்டு நகர்ந்து போவான். சாயங்காலம் செக்கர் வந்து பார்க்கும்போது அது நின்றுகிடக்கும். ஓடாத ஃபேன் என்று வைண்டிங்குக்கு அனுப்புவான். வைண்டிங்கில் பிரித்துப் பார்த்தால் கோளாறு ஒன்றும் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தரம் வார்னிஷில் முக்கி விடுவார்கள். அணைத்தவனுக்கும் தெரியாது, அனுப்பியவனுக்கும் தெரியாது, முக்கியவனுக்கும் தெரியாது. யாரும் திட்டமிடாத ஒரு சோதனைச்சாலை, மத்தியானம் தோறும் கண்ணை மூடிக்கொண்டு நடந்துவந்திருக்கிறது.

மறுநாளே அவன் குருமூர்த்தியிடம் போய் நடந்ததைச் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் சிரித்தார். பிறகு கூடத்தில் பாதியை ஃபேன்களுக்குத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தார். கசிவுக்கும் வேகத்துக்கும் பெட்டி. ரீங்காரத்துக்குத் தூக்கம். இரண்டாவது வரிசை கொஞ்சம் நெருக்கிக்கொண்டு மறுபாதியில் இருக்கட்டும். பெரிய லாட் முழுவதும் கூரையில் ஏறியது. பழைய ஆட்கள் போதாததால் புதுப் பையன்களும் வந்து படுத்தார்கள்.

ஆனால் அன்று அநேகமாக யாரும் தூங்கவில்லை.

கூடத்தில் ஒன்றின்பின் ஒன்றாக சுவிட்சுகள் அணைந்தன. டிபன் நேரம் முடிந்தபோது ஓடிக்கொண்டிருந்தவை ஏதோ நாலைந்து. அந்தக் கணக்குப்படி லாட் முழுவதும் குப்பை. சுந்தரராஜன் நம்பவில்லை. மறுநாள், அந்த நாலைந்தில் பொரிதோஷ் குறட்டை விட்ட ஃபேனுக்கடியில் நிமாய் என்ற புதுப் பையனைப் படுக்க வைத்தான். நிமாய் பொரிதோஷின் அக்கா மகன். கண்ணை இறுக மூடிக்கொண்டு கட்டைபோலக் கிடந்தான். கடைசியில் எழுந்து உட்கார்ந்து, பரீட்சையில் தோற்றவன்போல, "கும் நேய்" என்றான்.

"ஃபேன் சத்தம் போடுதா?" என்று ஹிந்தியில் கேட்டான் சுந்தரராஜன்.

"இல்ல ஸார். லைனை மூடப் போறாங்களாமே. அதையே நெனச்சுக்கிட்டிருந்தேன்."

பொரிதோஷ் வேறுபக்கம் பார்த்தபடி பீடியைப் பற்றவைத்தார். அவருடைய இன்னொரு மருமகனும் அந்த வரிசையில்தான் வேலை செய்தான்.

சுந்தரராஜன் நேராக மேனேஜர் அறைக்குப் போனான்.

"சார், மீட்டர் முள்ளே நடுங்கிண்டிருந்தா ரீடிங் எடுக்க முடியாது."

"பெட்டியில என்ன கோளாறு?"

"பெட்டியில இல்லை. பசங்களைத்தான் சொல்றேன். வேலை போயிடும்னு பயந்துண்டு படுத்தா எந்த ஃபேன் அடியிலும் தூக்கம் வராது."

குருமூர்த்தி பேனாவை வைத்தார். "இருமய்யா. லாட் நல்லாருந்தா ஆளை வெச்சுக்கலாம்னு நான் சொல்றேன். ஆளை வெச்சுண்டாத்தான் லாட் நல்லாருக்கான்னே தெரியும்ங்கறீர் நீர்."

"ஆமாம் சார்."

"போர்டுக்கு இதை எந்த இங்கிலீஷ்ல எழுதறது?"

குருமூர்த்தி கூரையைப் பார்த்தார். அவர் அறையில் ஓடியதும் அங்கே செய்த ஃபேன்தான். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. எந்த மனிதன் எந்த மத்தியானத்தில் அதன் கீழ் தூங்கி எழுந்தானோ.

மறுநாள் டிபன் நேரத்தில் அவர் கூடத்துக்கு வந்தார். அந்த நேரத்தில் அவரை அங்கே யாரும் பார்த்ததில்லை. படுத்திருந்தவர்கள் எழப் போனார்கள். கையமர்த்தினார். ஃபேன் காற்றில் அவருடைய கழுத்துப்பட்டை தோளுக்குப் பின்னால் பறந்தது. ஆபீஸ் வங்காளியில், இரண்டாவது வரிசையில் இருக்கும் எல்லாரும் இருப்பார்கள் என்றார்.

நிமாய்தான் முழங்கையை ஊன்றி எழுந்து கேட்டான்.

"லாட் ஃபேரொத் எலேயோ?"

திரும்பி வந்தாலுமா என்றுதான் கேட்டான். சுந்தரராஜனுக்கு இந்த முறை புரிந்தது. குருமூர்த்திக்கு முன்பே புரிந்திருந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு போர்டில் தனியாக நின்று பதில் சொல்லப்போவது அவர்தான்.

"எலேயோ" என்றார். வந்தாலும்தான்.

நிமாய் கொஞ்சநேரம் அவரையே பார்த்தான். பிறகு பேப்பரை நீவிவிட்டுப் படுத்தான். பொரிதோஷ் கூடத்தின் கதவைச் சாத்தினார். வெயில் வெளியே நின்றுவிட்டது. ஃபேன்கள் மட்டும் அவரவர் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுவதுபோலச் சுற்றின. முதலில் ஒரு கை தளர்ந்து தரையில் விழுந்தது. ஒரு வாய் திறந்துகொண்டது. எங்கோ ஒருவன் எழுந்து தட்டுத்தடுமாறிச் சுவிட்சை அணைத்துவிட்டு நகர்ந்தான். பிறகு வேறொரு மூலையில் இன்னொருவன். சுற்றும் ஃபேன்களுக்கு நடுவே நின்றுபோனவற்றின் மூன்று இறக்கைகள் தெளிவாகத் தெரிந்தன. அத்தனை வண்டுகளும் தங்கள் இடத்தைத் தாமே காட்டிக் கொடுத்தன.

அந்த லாட் கிடர்பூருக்குப் போனதும் திரும்பி வராததும் அடுத்த மாதத்துச் செய்தி. அன்று அது யாருக்கும் தெரியாது. சுந்தரராஜன் நின்றவற்றைச் சாக்கட்டியால் குறித்துக்கொண்டு, காலணியைக் கையில் பிடித்தபடி படுத்தவர்களுக்கு நடுவே நடந்தான். நிமாய் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தில் பேப்பர் ஒட்டிக்கொள்ளத் தூங்கிக்கொண்டிருந்தான்.

வாசலில் குருமூர்த்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சங்கு ஊத வேண்டிய ஆள் வந்து அவர் முகத்தைப் பார்த்து நின்றான்.

"போய்யா, டீ குடிச்சுட்டு வா," என்றார் மெல்லிய குரலில். "இன்னும் முடியலை இங்க வேலை."